கூரையில் இருந்த ஈயம்: வடக்கு இங்கிலாந்தின் மடங்கள் வழியே நிதானமாக ஒரு கார்ப் பயணம்

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் போகிறவர்கள் வழியில் யார்க்கில் இறங்கி ஒரு பகல் சுற்றுவார்கள், அப்புறம் டர்ஹம் ஸ்டேஷனை நெருங்கும்போது ஜன்னல் வழியே மேட்டில் நிற்கும் பேராலயத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வடக்கு இங்கிலாந்தைப் பார்த்தாயிற்று என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே, ரயில் எட்டிப் பார்க்காத பள்ளத்தாக்குகளில்தான் எனக்குப் பிடித்த இடங்கள் இருக்கின்றன. ரீவோ, பைலண்ட், மவுண்ட் கிரேஸ், ஃபவுண்டன்ஸ், ஜெர்வோ, ஈஸ்பி. எல்லாம் ஒரு காலத்தில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடங்கள், இன்று கூரை இல்லாத சுவர்கள். வரிசையாகப் போனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஒரு சிக்கல் உண்டு. முதல் இடிபாடு பிரமிப்பாக இருக்கும், இரண்டாவது அழகாக இருக்கும், நாலாவதற்குப் போகும்போது பிள்ளைகள் காரைவிட்டே இறங்கமாட்டேன் என்பார்கள், பெரியவர்களும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அலுக்காமல் இருக்க ஒரே ஒரு கேள்வியோடு கிளம்பினால் போதும். ஒரே அரசன், ஒரே கொள்கை, ஏறக்குறைய ஒரே நாலைந்து வருஷம். அப்படியிருக்க டர்ஹமில் மட்டும் ஏன் கூரை இருக்கிறது, ரீவோவில் ஏன் இல்லை?

பாதி விடை ஈயம்.

எட்டாம் ஹென்றி 1534-இல் போப்பிடமிருந்து பிரிந்து இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவரானது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கடுத்து நடந்தது அதிகம் பேசப்படுவதில்லை. 1535-இல் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் மேற்பார்வையில் நாடு முழுக்க ஆள் அனுப்பி, ஒவ்வொரு மடத்துக்கும் நிலம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, வருமானம் எவ்வளவு என்று கணக்கு எடுத்தார்கள். 1536-இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களை மூடச் சட்டம் வந்தது. பெரிய மடங்கள் அடுத்தடுத்து ‘தாமாகவே’ ஒப்படைக்க வைக்கப்பட்டன, அதற்கும் 1539-இல் ஒரு சட்டம் போட்டு முடிச்சுப் போட்டார்கள். 1540 மார்ச்சில் கடைசி மடமும் போய்விட்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட மடங்கள், ஐந்து வருஷத்துக்குள்.

மூடிய மடத்தில் அதிகாரிகள் முதலில் கை வைத்தது கூரையில். பெரிய மடக் கோவில்களின் கூரைகள் ஈயத் தகடு வேய்ந்தவை. ஈயம் விலை போகும், உருக்கினால் எங்கும் கொண்டுபோகலாம். நிலத்தையும் கட்டடத்தையும் யாருக்கு விற்றாலும் ஈயமும் மணிகளும் அரசனுக்கே என்று எடுத்துவைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. தகடுகளை உரித்துக் கீழே போட்டு, துறவிகள் உட்கார்ந்து பாடிய மர இருக்கைகளை உடைத்து அதையே விறகாக்கி, கோவிலுக்குள்ளேயே உலை மூட்டி உருக்கிப் பாளமாக வார்த்தார்கள். ரீவோவில் 1920-களில் இடிபாட்டை அகற்றியபோது மேற்குச் சுவர் விழுந்த குவியலுக்கு அடியில் ஹென்றியின் முத்திரை போட்ட நாலு ஈயப் பாளங்கள் கிடைத்தன. எடுத்துப் போவதற்குள் சுவர் சரிந்து மூடிவிட்டது போலும். அந்த ஈயம் வீணாகவில்லை. யார்க் பேராலயத்தின் புகழ்பெற்ற ஐந்து சகோதரிகள் ஜன்னலின் கண்ணாடிகளைத் திரும்பக் கோக்கப் பயன்பட்டது. இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இதுதான். மூடிய மடத்தின் கூரை, மூடாத கோவிலின் ஜன்னலில் இருக்கிறது.

கூரை போனால் மிச்சத்தை யார்க்‌ஷயர் மழை பார்த்துக்கொள்ளும். செதுக்கிய கற்கள் கேட்பாரற்றுக் கிடந்தால் சுற்றுவட்டார விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆக நாம் பார்ப்பது காலம் மெல்ல மெல்லத் தின்ற கட்டடங்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தால் தப்பு. பெரிய சேதம் சில மாதங்களில், பட்டியல் போட்டு, ரசீது வைத்துக்கொண்டு நடந்தது.

மறுபாதி விடை, பக்கத்தில் ஊர் இருந்ததா என்பது. டர்ஹம் பேராலயம் பெனடிக்டின் துறவிகளின் (புனித பெனடிக்டின் விதிப்படி வாழ்ந்தவர்கள்) மடமாகவும் ஆயரின் இருக்கையாகவும் ஒருங்கே இருந்தது. துறவிகளை நீக்கினாலும் ஆயருக்குக் கோவில் வேண்டுமே. அதனால் 1541-இல் அதே கட்டடத்துக்குப் புது நிர்வாகம் போட்டார்கள், கடைசி மடத் தலைவராக இருந்த ஹியூ வைட்ஹெட்டே புது நிர்வாகத்தின் முதல் டீன், அதாவது பேராலயத்தின் தலைமைக் குரு, ஆனார். நேற்றுவரை துறவி, இன்று அரசாங்கம் நியமித்த அதிகாரி, அதே நாற்காலி. யார்க் பேராலயத்தில் துறவிகளே இருந்ததில்லை, மடத்தில் வாழாத குருமார்கள் நடத்திய கோவில் அது, எனவே இந்தச் சட்டங்கள் அதைத் தொடவில்லை. யார்க்‌ஷயரின் போல்டன் மடத்தில் கோவிலின் முன்பகுதியை ஊர்க்காரர்கள் தங்கள் வழிபாட்டுக்குப் பயன்படுத்தி வந்ததால் அந்தப் பகுதிக்கு மட்டும் கூரை பிழைத்தது. இன்றும் அங்கே ஞாயிறு வழிபாடு நடக்கிறது, ஒரு சுவர் தள்ளிப் பின்பகுதி வானம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹெக்ஸமிலும் ஊரே கோவிலை எடுத்துக்கொண்டது.

ரீவோவுக்கும் ஃபவுண்டன்ஸுக்கும் அப்படிக் கேட்க ஊர் இல்லை. ஊர் வேண்டாம் என்றுதானே அங்கே போனார்கள்.

ஏன் போனார்கள் என்பதற்கு யார்க்கிலிருந்தே தொடங்கலாம், பயணத்தையும் அங்கேயே தொடங்குவது வசதி. யார்க்கில் எல்லோரும் பேராலயத்துக்கும் பழைய கடைத்தெருவுக்கும் போவார்கள். அருங்காட்சியகத் தோட்டத்தில் அணில்களுக்கு நடுவே நிற்கும் புனித மேரி மடத்தின் சுவர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வடக்கிலேயே பணக்கார பெனடிக்டின் மடங்களில் ஒன்று. 1132-இல் அங்கே ஒரு தகராறு. நாம் சுகவாசிகளாகிவிட்டோம், பழைய விதிப்படி எளிமையாக வாழ வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்ல, மடத் தலைவர் மறுக்க, சமாதானம் செய்ய வந்த பேராயர் தர்ஸ்டன் முன்னாலேயே கைகலப்பு. கடைசியில் பதின்மூன்று துறவிகள் பேராயரோடு வெளியேறினார்கள். அவர்களுக்கு அவர் கொடுத்தது ஸ்கெல் ஆற்றங்கரையில் முள்ளும் பாறையுமாகக் கிடந்த ஒரு பள்ளத்தாக்கு. டிசம்பர் குளிரில் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அதுதான் ஃபவுண்டன்ஸ். முதல் சில வருஷங்கள் பட்டினி; விட்டுவிட்டுப் பிரான்சுக்கே போய்விடலாம் என்று ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது யார்க் பேராலயத்தின் டீனாக இருந்த ஹியூ தன் சொத்தோடும் புத்தகங்களோடும் வந்து சேர்ந்துகொள்ள, மடம் பிழைத்தது. ஏழ்மை தேடிப் போன இடத்தை ஒரு பணக்காரர் காப்பாற்றியது அன்றே தொடங்கிவிட்டது.

அதே 1132-இல் ரீவோவும் தொடங்கியது. இது பிரான்சின் கிளேர்வோவிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்ட சிஸ்டெர்சியன் துறவிகளின் மடம். நிலம் கொடுத்தவர் ஹெம்ஸ்லியின் பிரபு வால்டர் எஸ்பெக். சிஸ்டெர்சியன்கள் அப்போது ஐரோப்பாவின் புது அலை. சாயம் போடாத கம்பளி உடை, சாயக் கண்ணாடி கூடாது, கோபுரம் கூடாது, வாடகை வாங்கி உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, உழைக்க வேண்டும், ஊரைவிட்டு விலகி இருக்க வேண்டும்.

விலகி இருக்க இவ்வளவு காலி நிலம் யார்க்‌ஷயரில் கிடைத்ததற்கு ஒரு கசப்பான பின்னணி இருக்கிறது. 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த வில்லியம், வடக்கு அடங்கவில்லை என்று 1069 குளிர்காலத்தில் படையெடுத்து வந்து ஊர்களைக் கொளுத்தி, தானியத்தையும் மாட்டையும் ஏர்க்கருவியையும் அழித்தார். பின்னால் வந்த பஞ்சத்தில் எண்ணற்ற பேர் செத்தார்கள். 1086-இல் எடுத்த நிலக் கணக்கில் யார்க்‌ஷயரின் ஊர் ஊராகப் ‘பாழ்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு இரண்டு தலைமுறை கழித்து, ஆளில்லாத மேட்டு நிலங்களை நார்மன் பிரபுக்கள் தங்கள் ஆன்மாவுக்காக மடங்களுக்குத் தானம் கொடுப்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. எல்லா நிலமும் காலியாகவும் இருந்ததில்லை. பைலண்ட் துறவிகள் தங்களுக்குக் கிடைத்த கிராமத்தின் மக்களையே வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் தனிமையை உண்டாக்கிக்கொண்டார்கள். ‘வனாந்தரத்தில் குடியேறிய துறவிகள்’ என்று தகவல் பலகையில் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்கலாம்.

யார்க்கிலிருந்து வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் ஹெம்ஸ்லி வந்துவிடும். சின்னச் சந்தை ஊர், இடிந்த கோட்டை, நல்ல பேக்கரி. இரவு தங்க யார்க்கைவிட இது எனக்குப் பிடிக்கும். ரீவோ அங்கிருந்து மூன்று மைல். முடிந்தால் காரை ஹெம்ஸ்லியிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள், கிளீவ்லாண்ட் வே பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பள்ளத்தாக்கு திரும்பும் இடத்தில் மடம் தெரியும்போது ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்க வேண்டியிருக்காது.

ரீவோவில் ஒரு விநோதம். கோவில் வழக்கம்போலக் கிழக்கு மேற்காக இல்லாமல் ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல். இடம் போதாமல் பக்கத்தில் இருந்த பைலண்ட் துறவிகளோடு பேசி ரை ஆற்றின் போக்கையே மாற்றிப் புல்வெளி பிடித்தார்கள். 1147 முதல் 1167 வரை தலைவராக இருந்த ஏல்ரெட்டின் காலத்தில் இங்கே 140 துறவிகளும் 500 உழைப்புச் சகோதரர்களும் இருந்ததாக அவருடைய சீடர் எழுதி வைத்திருக்கிறார். திருவிழா நாட்களில் கோவிலில் கூட்டம் தேனடையில் தேனீ மொய்ப்பது போல என்பது அவர் வர்ணனை.

இங்கே மடத்தின் வரைபடத்தை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் மற்ற எல்லா இடத்திலும் உதவும். நடுவில் சதுரமான முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். ஒரு பக்கம் கோவில். கோவிலை ஒட்டிய கிழக்குப் பகுதியில் தினமும் துறவிகள் கூடி விதியின் ஒரு அத்தியாயம் வாசித்து, தப்பு செய்தவர்களை விசாரிக்கும் மண்டபம். அதற்கு மேல்மாடியில் எல்லோருக்கும் பொதுவான படுக்கை அறை. அங்கிருந்து நேராகக் கோவிலுக்குள் இறங்கும் படிக்கட்டு, நடு இரவு கழிந்ததும் எழுந்து முதல் வழிபாட்டுக்குப் போக. கோவிலுக்கு எதிர்ப்பக்கம் சாப்பாட்டுக் கூடமும், துறவிகள் குளிர்காய நெருப்பு அனுமதிக்கப்பட்ட சூட்டு அறையும். மேற்குப் பகுதி முழுக்க உழைப்புச் சகோதரர்களுக்கும் பண்டகசாலைக்கும். கழிப்பறை எப்போதும் ஓடும் நீருக்கு மேல். கோவிலைக் கண்டுபிடித்துவிட்டால் மிச்சத்தைப் பிள்ளைகளே ஊகிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த உழைப்புச் சகோதரர்கள்தான் மடத்தின் பொருளாதாரமே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரணக் குடும்பத்து ஆண்கள். துறவு உறுதிமொழி உண்டு, ஆனால் வழிபாடு குறைவு, வேலை அதிகம், கோவிலில்கூடத் தனி இடம். தொலைவில் இருந்த மடத்துப் பண்ணைகளை இவர்கள்தான் நடத்தினார்கள். அங்கே வளர்ந்தது ஆடு. வாடகை வாங்கக் கூடாது என்ற விதி, காலியான மேய்ச்சல் நிலம், கூலி இல்லாத ஆட்கள், இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பளி வியாபாரத்துக்கு வேறென்ன வேண்டும்? 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் வணிகர் பெகோலோட்டி எழுதிவைத்த பட்டியலில் ஃபவுண்டன்ஸிலிருந்து வருஷத்துக்கு 76 பொதி, ரீவோவிலிருந்து 60 பொதி கம்பளி கிடைக்கும் என்று இருக்கிறது. ஒரு பொதி சுமார் 165 கிலோ. அப்படியென்றால் ஃபவுண்டன்ஸில் மட்டும் பன்னிரண்டு டன்னுக்கு மேல். இத்தாலிய வணிகர்கள் வரும் வருஷங்களின் கம்பளிக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்தார்கள், மடங்கள் வாங்கிக் கட்டடம் கட்டின. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடுகளுக்குச் சொறி நோய் வந்து மந்தைகள் அழிந்தபோது கொடுக்கக் கம்பளி இல்லை, கடன் ஏறியது. அப்புறம் ஸ்காட்லாந்துப் படையெடுப்புகள், 1349-இல் கொள்ளை நோய். உழைப்புச் சகோதரர்கள் ஏறக்குறைய மறைந்துபோனார்கள், துறவிகள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்க ஆரம்பித்தார்கள், எது கூடாது என்று யார்க்கிலிருந்து கிளம்பினார்களோ அது. 1538-இல் ரீவோ மூடப்பட்டபோது இருபது சொச்சம் துறவிகள்தான் மிச்சம்.

அதை வாங்கியவர் ரட்லண்ட் பிரபு தாமஸ் மேனர்ஸ். நிலம் தானம் கொடுத்த வால்டர் எஸ்பெக்கின் சொத்து பெண்வழியாக வந்துசேர்ந்த குடும்பம். நானூறு வருஷம் கழித்துக் கொடுத்தது வீட்டுக்கே திரும்பி வந்தது என்று அவர்கள் நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. மடத்தின் இரும்புப் பட்டறையை அவர்கள் விடவில்லை. 1577-இல் அங்கே ஒரு ஊது உலையே கட்டினார்கள்.

பைலண்ட் ரீவோவிலிருந்து பக்கம்தான். இந்த மடத்தாருக்கு இடமே அமையவில்லை. 1134-இல் தொடங்கி அலைந்து, ஒரு கட்டத்தில் ரீவோவுக்கு மிக அருகில் போய்க் குடியேற, இரண்டு மடத்து மணியோசையும் ஒன்றோடொன்று குழம்பி யாருக்கு எது வழிபாட்டு நேரம் என்று தெரியாமல் போக, அங்கிருந்தும் கிளம்பி 1177-இல்தான் நிலைகொண்டார்கள். மேற்கு முகப்பில் பெரிய வட்ட ஜன்னலின் கீழ்ப்பாதி மட்டும் நிற்கிறது. தரையில் பச்சையும் மஞ்சளுமாக ஓடுகள் அப்படியே கிடக்கின்றன, மழையில் நனைந்தால் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும். கூட்டமும் இருக்காது. அரை மணி நேரம் போதும்.

பைலண்டுக்கு அருகே சட்டன் பேங்க் என்ற ஏற்றத்தில் சாலை நாலுக்கு ஒன்று சரிவு. கேரவன் வண்டிகளுக்கு அங்கே அனுமதியே கிடையாது. மேலே காரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அடுத்து நாம் போகப்போகும் சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும். வடக்கே போகும் பெருஞ்சாலையை ஒட்டி இருக்கும் மவுண்ட் கிரேஸையும் விட வேண்டாம். 1398-இல் தொடங்கிய கார்த்தூசியன் மடம், மற்றவற்றுக்கு நேர் எதிர். பொதுப் படுக்கை அறை இல்லை. ஒவ்வொரு துறவிக்கும் மாடியோடு தனி வீடு, தனித் தோட்டம், குழாய்த் தண்ணீர், கழிப்பறை. சாப்பாடு வரும் துளைகூட வளைத்துக் கட்டியிருக்கிறது, கொடுப்பவர் முகம் தெரியக் கூடாது என்று. ஒரு வீட்டைப் பழையபடி கட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்து ரிப்பன். சென்னைக்காரர்களுக்குப் பெயர் கேட்டதும் மாநகராட்சிக் கட்டடம் ஞாபகம் வரும், அந்த ரிப்பனேதான். ஊரின் பேராலயத்துக்குக் கீழே 672-ஐ ஒட்டிப் புனித வில்ஃப்ரிட் கட்டிய நிலவறை இன்னும் இருக்கிறது, குனிந்து இறங்க வேண்டும். சந்தைச் சதுக்கத்தில் தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கொம்பு ஊதுவார்கள். நாலு மைல் தள்ளி ஃபவுண்டன்ஸ்.

ஃபவுண்டன்ஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், இதில் பேரம் வேண்டாம். மேற்குப் பகுதியில் முந்நூறு அடி நீளத்துக்கு வரிசை வரிசையாகத் தூண்களும் வளைவுகளுமாக ஓடும் நிலமட்டக் கூடம் முழுசாக இருக்கிறது. கம்பளிப் பொதிகளும் உழைப்புச் சகோதரர்களின் சாப்பாட்டுப் பந்தியும் இருந்த இடம், இப்போது வௌவால்கள். வடக்கே நிற்கும் சுமார் ஐம்பது மீட்டர் உயரக் கோபுரம் 1495 முதல் 1526 வரை தலைவராக இருந்த மார்மடியூக் ஹூபி கட்டியது. கோபுரம் கூடாது என்று விதி வைத்திருந்த சபை! அவர் காலம் முடிந்து பதின்மூன்றே வருஷத்தில், 1539 நவம்பரில், தலைவர் மார்மடியூக் பிராட்லியும் 31 துறவிகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாட்டிலேயே பணக்கார சிஸ்டெர்சியன் மடம். பிராட்லிக்கு ஆண்டுக்கு 100 பவுண்ட் ஓய்வூதியம், சாதாரணத் துறவிகளுக்கு அதில் ஒரு சின்னத் துண்டு. லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷம் இடத்தை வாங்கினார், பின்னால் வந்த ஒருவர் மடத்துக் கல்லையே எடுத்துப் பக்கத்தில் ஃபவுண்டன்ஸ் ஹால் என்ற மாளிகை கட்டிக்கொண்டார். அதுவும் நுழைவுச் சீட்டில் அடக்கம்.

இனி வருவது இரண்டாவது வாழ்க்கை. பக்கத்து எஸ்டேட்டான ஸ்டட்லி ராயலின் சொந்தக்காரர் ஜான் ஐஸ்லபி நாட்டின் நிதியமைச்சர். 1720-இல் சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை ஊதி வெடித்ததில் அவருக்கும் கை இருந்தது வெளியாகி, 1721-இல் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டு லண்டன் டவரில் அடைக்கப்பட்டார். வெளியே வந்தவர் ஊருக்குத் திரும்பி, மிச்ச நாள் முழுக்கக் குளம், கால்வாய், சிறு அருவி, கிரேக்கக் கோவில் என்று தண்ணீர்த் தோட்டம் அமைப்பதில் செலவிட்டார். மகன் வில்லியம் 1767-இல் மடத்தின் இடிபாடுகளையும் விலைக்கு வாங்கித் தோட்டத்தோடு சேர்த்தார். அப்போதுதான் இடிபாடு என்பது ரசிக்க வேண்டிய பொருளாக மாறுகிறது. மேட்டில் ஒரு இருக்கைக்குப் போய்த் திரும்பினால் பள்ளத்தாக்கின் கடைசியில் மடம் சட்டென்று தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஆன் போலின் இருக்கை என்று பெயர், அங்கிருந்த தலையில்லாத சிலையை வைத்து. எந்தப் பெண்ணை மணக்க ஹென்றி போப்போடு சண்டை போட்டாரோ அவர் பெயர், அந்தச் சண்டை உடைத்த மடத்தைப் பார்க்கும் இடத்துக்கு. 18-ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் நகைச்சுவை இந்த ரகம்.

19-ஆம் நூற்றாண்டில் ஸ்டட்லி ராயல் வந்துசேர்ந்தது ரிப்பனின் முதல் மார்க்வெஸ் ஜார்ஜ் ராபின்சனிடம். 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய், 1882-இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தவர், ‘ரிப்பன் எங்கள் அப்பன்’ என்று தமிழில் சொல்லவைத்தவர். வைஸ்ராய் ஆவதற்கு முன்பே, 1874-இல், அவர் கத்தோலிக்கராக மாறியிருந்தார். பிரிட்டிஷ் அரசியலில் இருந்த ஒருவர் அன்று அப்படி மாறியது பெரிய பரபரப்பு. ஹென்றி மூடிய மடத்துக்கு ஒரு கத்தோலிக்கர் சொந்தக்காரர் ஆனது அப்படித்தான். 1909-இல் ஸ்டட்லியிலேயே இறந்தார், மான் பூங்காவில் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜெஸ் 1870-களில் கட்டிய அந்தக் கோவிலின் உட்புறம் தங்கமும் சிவப்பும் நீலமுமாக இருக்கும். மடத்தைப் பார்த்துவிட்டு நேரே கார் நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ரிப்பனிலிருந்து வடமேற்கே வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் ஜெர்வோ. தனியார் சொத்து, வாசலில் ஆள் இல்லை, பெட்டியில் காசு போட்டுவிட்டு உள்ளே போகலாம். ரீவோவிலும் பைலண்டிலும் புல் தரைவிரிப்பு மாதிரி வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இருபதாம் நூற்றாண்டின் அரசாங்க ரசனை: 1913 தொல்சின்னச் சட்டத்துக்குப் பிறகு பணித்துறை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்று, (ரீவோ 1917-இல்) முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களை வைத்து மண்ணை வாரி, கொடியைப் பிடுங்கி, சுவரைக் கெட்டிப்படுத்திப் புல் போட்டது. ஜெர்வோவில் அது நடக்கவில்லை. சுவர் இடுக்கிலெல்லாம் பூச்செடி. எனக்கு இதுதான் அழகு, ஆனால் சுவருக்கு அதுதான் நல்லது என்று சொல்லமாட்டேன்.

ஜெர்வோவின் கதை கொடியது. 1536 அக்டோபரில் மடங்களை மூடுவதை எதிர்த்தும் இன்னும் பல குறைகளுக்காகவும் வடக்கு கிளர்ந்தெழுந்தது. ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமை, சுமார் முப்பதாயிரம் பேர். அரசர் தரப்பு வாக்குறுதி கொடுத்துக் கலைந்துபோகச் செய்தது. அடுத்த வருஷம் சின்னதாக இன்னொரு கலகம் வெடிக்க, அதையே சாக்காக வைத்துத் தூக்கு மரங்கள் எழுந்தன. ஆஸ்க் யார்க்கில் தொங்கினார். ஜெர்வோவின் தலைவர் ஆடம் செட்பர், தான் மலையில் ஒளிந்துகொண்டதாகவும், வராவிட்டால் மடத்தைக் கொளுத்துவோம் என்று கலகக்காரர்கள் மிரட்டி இழுத்ததாகவும் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை, 1537-இல் உயிர் போனது. லண்டன் டவரில் அவர் அடைபட்டிருந்த அறைச் சுவரில் அவர் பெயரும் வருஷமும் செதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். மடம் துரோகியின் சொத்தாகப் பறிமுதல். இந்தத் துறவிகளின் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் தொடங்கியது என்று சொல்லப்படும் வென்ஸ்லிடேல் சீஸ் மட்டும் பிழைத்து, மேற்கே ஹாஸ் ஊரில் மாட்டுப்பாலில் தயாராகிறது.

ரிச்மண்டில் நார்மன் கோட்டையைப் பார்த்துவிட்டு ஸ்வேல் ஆற்றோரம் நடந்தால் ஈஸ்பி மடம், இலவசம். மடத்தை ஒட்டியிருந்த ஊர்த் தேவாலயம் கூரையோடு, சுவரில் 13-ஆம் நூற்றாண்டு ஓவியங்களோடு நிற்கிறது, மடம் இடிந்து கிடக்கிறது. நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

டர்ஹமுக்கு இவ்வளவும் பார்த்த பிறகு போனால்தான் சுவை. 1093-இல் தொடங்கி நாற்பதே வருஷத்தில் முடித்த கட்டடம். கல்லாலேயே விலா எலும்பு மாதிரி வளைத்துக் கூரை போட்டதில் ஐரோப்பாவிலேயே முன்னோடிகளில் ஒன்று. ரீவோவில் மனதுக்குள் போட்டுப் பார்த்த கூரை இங்கே நிஜமாக இருக்கிறது. புனித கத்பர்ட்டின் உடலைத் தூக்கிக்கொண்டு 875-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்து கிளம்பிய துறவிகளின் வாரிசுகள் 995-இல் இங்கே நிலைத்தார்கள். கிழக்கு முனையில் கத்பர்ட்டின் கல்லறை, மேற்கு முனையில் வரலாற்று ஆசிரியர் பீட் என்ற துறவியின் கல்லறை. இடையில் இந்தக் கட்டடம் சிறையாகவும் இருந்திருக்கிறது: 1650-இல் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் சுமார் மூவாயிரம் பேரை இதில் அடைத்தார்கள், பாதிக்கும் மேல் செத்தார்கள். பக்கத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 2013-இல் அவர்களில் சிலரின் எலும்புகள் கிடைத்தன.

விட்பியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் கேட்பார்கள். கடலோரக் குன்று, 199 படி, மேலே மடம், கீழே மீனும் சிப்ஸும். ஈஸ்டர் தேதியை எப்படிக் கணக்கிடுவது என்று 664-இல் மன்னர் ஓஸ்வியு முன்னால் வாதம் நடந்தது இங்கேதான். அவர் ஒரு முறைப்படியும் ராணி இன்னொரு முறைப்படியும் கொண்டாட, ஒருவர் விருந்தில் இருக்கும்போது மற்றவர் நோன்பில் இருந்த வீடு அது. மடத் தலைவி ஹில்டா என்ற பெண். 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள் சுட்டதில் இடிபாடும் அடிபட்டது. ஆகஸ்ட் மாதம் போனால் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகும், மேட்டுநிலம் வழியே வரும் சாலையில் ஆடுகள் நடுவில் படுத்திருக்கும், மெதுவாக வாருங்கள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். ரீவோ, பைலண்ட், விட்பி ஆகியவை பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலீஷ் ஹெரிடேஜ் அமைப்பின் கையில். ஃபவுண்டன்ஸ் அதைப் போன்ற இன்னொரு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் கையில், ஆனால் இங்கிலீஷ் ஹெரிடேஜ் உறுப்பினருக்கும் அங்கே இலவசம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் ஹெரிடேஜ் தனிப் பாஸ் விற்கிறது, மூன்று நாலு இடம் பார்ப்பதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் பல இடங்கள் வார இறுதியில் மட்டும் திறக்கும், நாலு மணிக்கு இருட்டிவிடும். மே, ஜூன் சிறந்தது, இரவு ஒன்பது வரை வெளிச்சம். ஒரு நாளைக்கு இரண்டு மடத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் விட்பியை விட்டுவிடுங்கள்: முதல் நாள் காலை ரீவோ, மாலை பைலண்ட், மறுநாள் முழுக்க ஃபவுண்டன்ஸ். டர்ஹமை ரயிலிலேயே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான்.